நம் நடத்தைக்கும் மீட்புக்கும் தொடர்பு உண்டா?

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு மறைக்கல்வி வகுப்பு மாணவியர்)

மறைக்கல்வி வகுப்பில் இவ்வாண்டு எத்தனையோ வினாக்கள் எழுந்தன. பெரும்பாலானவை மணி அடித்ததும் மறந்து போயின. ஒன்று மட்டும் எங்களை விடவில்லை. ஒருவர் ஞானஸ்நானம் பெற்றவர், ஞாயிறு தவறாமல் பூசை காண்பவர், நன்மை வாங்குபவர். ஆனால் வீட்டில் மனைவியை அடிப்பவர். அதே தெருவில் இன்னொருவர் கோவில் வாசலையே மிதிக்காதவர். ஆனால் அண்டை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால் சத்தமின்றி அரிசி கொடுத்தனுப்புபவர். இவ்விருவரில் மோட்சம் யாருக்கு?

வகுப்பு உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நடத்தைதான் எல்லாம், மற்றவை வெளிவேடம் என்றது ஒரு கட்சி. அப்படியானால் சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளன் என்ன நற்செயல் செய்தான், ஒரே ஒரு வேண்டுதலுக்கு வான்வீடு கிடைக்கவில்லையா என்று மடக்கியது மறு கட்சி. எங்கள் வகுப்பில் சி.எஸ்.ஐ. சபையினரும் பெந்தெகொஸ்தே சபையினரும் உண்டு. "இரட்சிப்பு விசுவாசத்தினால் மட்டுமே, அதில் உன் பங்கு என்ன இருக்கிறது?" என்று அவர்கள் கேட்டார்கள். இந்து, முஸ்லிம் தோழியர் எங்கள் சண்டையைப் பார்த்துச் சிரித்தாலும், பதிலைக் கேட்க ஆவலாகத்தான் இருந்தார்கள். அவர்களையும் தொடும் பதில் அல்லவா அது!

சில வாரங்கள் படித்தும் விவாதித்தும் நாங்கள் வந்து சேர்ந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மீட்பு நம் நடத்தைக்குக் கிடைக்கும் கூலி அன்று. அது இலவசமாக வருவது. ஆனால் வந்ததை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்பதில் நம் மீட்பு அடங்கியிருக்கிறது. நடத்தையைக் கொடுத்து மோட்சத்தை வாங்க முடியாது. நடத்தையால் அதை உதறித்தள்ள முடியும். இதைத் தத்துவமாகச் சொன்னால் தலை சுற்றும். ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்துச் சொன்னால் விளங்கும் என்று நினைக்கிறோம்.

பெண்கள் பள்ளியில் படித்துவிட்டுப் புனித மரிய கொரற்றியைப் பற்றிக் கேள்விப்படாத கத்தோலிக்க மாணவி இருக்க முடியாது. ஜூலை 6-ஆம் நாள் அவர் திருவிழா. ஆனால் நாங்கள் எடுத்துக்கொள்வது அவரையன்று, அவரைக் கொன்றவரை.

இத்தாலி நாட்டில் நெத்தூனோ நகருக்கு அருகே லெ ஃபெரியேரே என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் சதுப்பு நிலம்; மலேரியாக் காய்ச்சல் குடியிருந்த இடம். மரியாவின் தந்தையும் 1900-இல் அக்காய்ச்சலில்தான் இறந்தார். ஏழைக் குத்தகை விவசாயிகளான கொரற்றி குடும்பமும் செரனெல்லி குடும்பமும் அங்கே ஒரே வீட்டைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தன. தாய் அசுந்தா வயலுக்குப் போவார். மரியா வீட்டு வேலையும் தம்பி தங்கையரையும் பார்த்துக்கொள்வாள். செரனெல்லி குடும்பத்து மகன் அலெக்சாந்தருக்கு இருபது வயது. அவனும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன்தான். இதை மறந்துவிடக் கூடாது. 1902 ஜூலை 5-ஆம் நாள், துணி தைத்துக்கொண்டிருந்த அந்தப் பதினொரு வயதுச் சிறுமியிடம் அவன் தகாத முறையில் நடக்க முயன்றான். அவள் மறுத்துப் போராடவே பதினான்கு முறை குத்தினான். மறுநாள் நெத்தூனோ மருத்துவமனையில் அவள் இறந்தாள். இறக்குமுன் அவனை மன்னித்ததோடு, விண்ணகத்தில் அவனும் தன்னோடு இருக்கவேண்டும் என்று விரும்பினாள்.

அலெக்சாந்தருக்கு முப்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. முதற்சில ஆண்டுகள் அவன் மனம் இளகவில்லை. சிறைக்கு வந்து சந்தித்த ஓர் ஆயரும், மரியா தன் கையில் மலர்களைக் கொடுப்பதாக அவன் கண்ட கனவும் அவனை மாற்றியதாகச் சொல்வார்கள். இருபத்தேழு ஆண்டுகள் கழிந்து, 1929-இல் விடுதலையானார். (இதற்கு மேல் அவரை "அவன்" என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.)

இப்போது கணக்குப் பார்ப்போம். இருபத்தேழு ஆண்டுச் சிறைவாசத்தோடு நீதிமன்றத்தின் ஏட்டில் அவர் கணக்குத் தீர்ந்தது. இறைவனின் ஏட்டில்? ஒரு தட்டில் நற்செயல், மறு தட்டில் தீச்செயல் என்று நிறுத்துப் பார்ப்பதுதான் மீட்பு என்றால், பதினொரு வயதுக் குழந்தையின் உயிருக்கு எதிர்த்தட்டில் அவர் எதை வைப்பார்? ஆயிரம் செபமாலையா? பத்தாயிரம் நாள் உபவாசமா? எதுவும் காணாது. தராசை நம்பினால் அலெக்சாந்தருக்கு வழியே இல்லை. உண்மையைச் சொன்னால், நமக்கும் இல்லை. நம் பாவங்கள் சிறியவையாக இருப்பதால் தராசு நமக்குச் சாதகமாக நிற்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அவருக்கு மன்னிப்பு எப்போது கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். சிறையில் நல்லவராக நடந்தபிறகு அன்று. கண்ணீர் விட்ட பிறகும் அன்று. அவர் கையில் இரத்தம் காயாதபோதே, அவர் கேட்காமலே, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து மன்னிப்பு புறப்பட்டுவிட்டது. கடவுளின் அருள் இப்படித்தான் வருகிறது என்று திருச்சபை போதிக்கிறது. நாம் பாவிகளாக இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்பதே சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய மடலின் சாரம். (எங்கள் பாட்டிமார் சின்னப்பர் என்பார்கள், இன்றைய விவிலியத்தில் பவுல்.)

அப்படியானால் நடத்தைக்கு என்ன வேலை? கதையின் மறுபாதி அங்கேதான் தொடங்குகிறது. விடுதலையான அலெக்சாந்தர் பின்னர் ஒரு நாள் அசுந்தாவின் முன் போய் நின்றார். மகளைக் கொன்றவன் தாயின் முன் நிற்பது எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். மரியா மன்னித்திருக்க நான் எப்படி மன்னிக்காமல் இருப்பேன் என்ற மனநிலையில் அந்தத் தாய் மன்னித்தார். இருவரும் ஒரே பூசையில் ஒன்றாக நன்மை வாங்கினார்கள். மரியாவுக்குப் புனிதர் பட்டம் வழங்கும் விசாரணையில் தம் குற்றத்தைத் தாமே எடுத்துரைத்துச் சாட்சி சொன்னவரும் அவரே. 1950 ஜூன் 24-ஆம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அப்பட்டத்தை வழங்கியபோது அசுந்தா உயிரோடு இருந்து கண்ணாரக் கண்டார். அலெக்சாந்தர் கப்பூச்சின் துறவிகளின் மடத்தில் தோட்ட வேலையும் வாசற்காவலும் செய்து, 1970 மே 6-ஆம் நாள் மசெராத்தா நகரில் இறந்தார்.

அசுந்தாவிடம் சென்றது மன்னிப்புக்கு அவர் கொடுத்த விலையா? அன்று. மன்னிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. சரி, போகாமலே இருந்திருந்தால்? கடவுள் என்னை மன்னித்துவிட்டார், அந்த அம்மாளிடம் எனக்கு என்ன வேலை என்று ஊர்விட்டு ஊர் போய்ச் சுகமாக இருந்திருந்தால்? அவர் அந்த மன்னிப்பைப் பெற்றுக்கொள்ளவே இல்லை என்றுதான் நாங்கள் சொல்வோம். தபாலில் வந்த மணியார்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்காதவனுக்குப் பணம் வந்தும் வராததுதானே!

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்லியாக வேண்டும், மாணவியருக்காகவும் தாய்மாருக்காகவும். மரிய கொரற்றியைப் பற்றிய பிரசங்கங்கள் சிலவற்றைக் கேட்டால், உயிர் போனாலும் போகட்டும், தப்பிப் பிழைத்த பெண் ஏதோ குறைந்தவள் என்பதுபோல ஒலிக்கிறது. இது தவறு, பெருந்தவறு. ஒருத்திக்கு அவள் விருப்பத்துக்கு மாறாக இழைக்கப்படும் கொடுமை அவளுடைய நடத்தை ஆகாது, இழைத்தவனுடைய நடத்தை. புதுமைக்காக நாங்கள் இதைச் சொல்லவில்லை. 410-இல் உரோமை நகரம் சூறையாடப்பட்டபோது பல பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். அவர்களைப் பழித்தவர்களுக்குப் புனித அகுஸ்தீனார் 'கடவுளின் நகரம்' என்ற நூலின் முதற்பகுதியிலேயே பதில் எழுதினார். கற்பு உள்ளத்தின் உறுதியில் இருக்கிறது. மனம் இணங்காதபோது பிறர் செய்த பாவத்தால் ஒரு பெண் கறைப்படுவதில்லை என்பது அவர் வாதம். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதியது இன்னும் நம் ஊர்த் திண்ணைகளுக்கு வந்து சேரவில்லை. எங்களில் யாருக்கேனும் அத்தகைய துன்பம் நேர்ந்திருந்தால், அவள் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியது அதில் எதுவும் இல்லை. நம்பிக்கைக்குரிய ஆசிரியையிடமோ அருட்சகோதரியிடமோ அம்மாவிடமோ சொல்ல வேண்டியது உண்டு.

இனி, வகுப்பின் இரு கட்சிகளுக்கும் வருவோம். விவிலியத்திலேயே இரு கட்சிக்கும் வசனம் இருப்பதுபோலத் தோன்றும். சட்டத்தின் செயல்களால் யாரும் இறைவனுக்கு ஏற்புடையவர் ஆவதில்லை, விசுவாசத்தால்தான் ஆகிறார் என்று சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதுகிறார். செயலற்ற விசுவாசம் பிணத்துக்குச் சமம் என்ற பொருளில் யாகப்பர் எழுதுகிறார். ஆடையும் அன்றாட உணவும் இல்லாத சகோதரியிடம் "போய்க் குளிர் காய்ந்து வயிறார உண்" என்று வாயால் வாழ்த்தியனுப்புகிறவனை அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். (நம்மிடையே அவனுக்கு உறவினர் அநேகர்.) ஆனால் சின்னப்பர் அதே கலாத்தியர் மடலில், அன்பின் வழியாகச் செயலாற்றும் விசுவாசத்தையே பயனுள்ளதாகக் கூறுகிறார் என்பதைச் சேர்த்துப் படித்தால் சண்டை பாதி அடங்கிவிடும்.

அடங்காமல் போனதும் வரலாறுதான். பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர், மனிதன் தன் செயல்களால் மோட்சத்தைச் சம்பாதிக்க முடியாது என்று முழங்கினார். ஆனால் அவர்கூட நற்செயல் வேண்டாம் என்று சொல்லவில்லை; நல்ல மரம் நல்ல கனி தரும், கனிகள் மரத்தை நல்லதாக்குவதில்லை என்ற கருத்தையே 1520-இல் எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபை 1547 ஜனவரி 13-ஆம் நாள் திரிதெந்தின் பொதுச்சங்கத்தில் தன் போதனையை வகுத்தது. அதைப் படித்தபோது எங்களுக்கு ஒரு வியப்பு. நாம் இறைவனுக்கு ஏற்புடையவர் ஆவதற்கு முன்னால் நம் விசுவாசமோ செயலோ எதுவும் அந்த அருளைச் சம்பாதித்துத் தருவதில்லை என்றுதான் அதுவும் சொல்கிறது. கூடவே, பெற்ற அருளைச் சாவான பாவத்தால் இழக்கலாம், விசுவாசம் போகாதபோதும் இழக்கலாம் என்கிறது. நாங்கள் ஆரம்பத்தில் குறிப்பிட்ட மனிதருக்கு இது உறைக்க வேண்டும்.

இரு தரப்பும் ஒன்றையொன்று சபித்துக்கொண்டு நாலரை நூற்றாண்டுகள் போயின. 1999 அக்டோபர் 31-ஆம் நாள் ஜெர்மனியின் ஆக்ஸ்பூர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அன்று, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் விசுவாசத்தில், அருளால் மட்டுமே நாம் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம். அந்த அருளே நம்மை நற்செயல்களுக்குத் தகுதியுள்ளவர்களாக்கி அவற்றுக்கு அழைக்கிறது என்பது அதன் கருத்து. 2006-இல் மெதடிஸ்ட் சபைகளும் 2017-இல் சீர்திருத்த சபைகளும் அதில் சேர்ந்துகொண்டன. எங்கள் வகுப்புச் சண்டை முடிவதற்கு இந்தச் செய்தியே பெரிதும் உதவியது. பெரியவர்கள் 1999-லேயே முடித்துக்கொண்டதை நாம் ஏன் சாப்பாட்டு இடைவேளையில் தொடரவேண்டும்?

ஆனால் காகிதத்தில் முடிந்த சண்டை நம் வாழ்க்கையில் முடிந்துவிடவில்லை. நம்மிடையே இருவகைப் பிழையும் செழிப்பாக வளர்கின்றன.

முதலாவது, கணக்குப் பிள்ளைப் பக்தி. எங்கள் அம்மாக்கள் படித்த காலத்தில் தலைமை அன்னையின் திருநாளுக்கு ஞானப் பூச்செண்டு கொடுப்பார்களாம். பூசை இத்தனை, செபமாலை இத்தனை, ஒறுத்தல் முயற்சி இத்தனை என்று அழகான அட்டையில் எண் போட்டு எழுதித் தருவது. அன்பினால் செய்ததை நாங்கள் குறைசொல்ல மாட்டோம். ஆனால் பக்கத்து வகுப்பைவிட எண்ணிக்கை கூடவேண்டும் என்று வேகவேகமாகச் செபமாலை உருட்டியதையும் அவர்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள்! குழந்தை தெரேசம்மாளைப் பாருங்கள். 1897-இல் இருபத்து நான்கு வயதில் இறந்த அந்தக் கார்மேல் கன்னி, தம் வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு இறைவன்முன் நிற்கவே விரும்புவதாக 1895-இல் எழுதிவைத்தார். அவரை 1997-இல் திருச்சபை தன் மறைவல்லுநர் வரிசையில் சேர்த்தது. தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அப்பா முகம் சுளிப்பதுபோல, செபம் குறைந்தால் கடவுளும் முகம் சுளிப்பார் என்று அஞ்சி, இரவில் தூங்காமல் தவிக்கும் மாணவியர் எங்களிடையே உண்டு. அவர்கள் தெரேசம்மாளைப் படிக்கட்டும்.

இரண்டாவது பிழையைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். ஞானஸ்நானச் சான்றிதழையே மோட்சத்துக்கு டிக்கெட்டாகக் கருதும் மனப்பான்மை. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் இதற்குக் கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. திருச்சபைக்குள்ளேயே இருந்தும் அன்பில் நிலைத்திராதவர் உடலால் மட்டும் உள்ளே இருக்கிறார், உள்ளத்தால் அன்று. அவர் மீட்புப் பெறுவதில்லை. அருளைப் பெற்றும் எண்ணத்தாலும் சொல்லாலும் செயலாலும் அதற்கு இசையாதவருக்குத் தீர்ப்பும் கடுமையாகவே இருக்கும் என்று அவ்வேடு மேலும் சொல்கிறது. ஆக, நாம் கிறிஸ்தவர்களாய் இருப்பது சலுகை அன்று, கூடுதல் பொறுப்பு.

நம் வீடுகளைப் பார்ப்போம். பெற்றோர் கோபிக்கக் கூடாது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் சட்டப்படி குற்றம். கத்தோலிக்க வீடுகளில் அது நின்றுவிட்டதா? பேரம் முடிந்தபின் ஓலை வாசிக்கக் கோவிலுக்கு வருகிறோம். வேலை செய்ய வரும் அம்மாளுக்குத் தனித் தம்ளர் வைத்துவிட்டு ஒரே கிண்ணத்து நன்மை வாங்கப் போகிறோம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச்சுவர் எழுப்பி, உயிர்த்தெழும் நாளிலும் தள்ளியே எழுந்திருக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். இவற்றை யாரும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதாகத் தெரியவில்லை. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் "நடத்தை" என்றால் ரிப்பன், பாவாடை நீளம், யாரோடு பேசினாள் என்பன. மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் அரசர் கேட்பதாக வரும் வினாக்களில் இவற்றில் ஒன்றும் இல்லை. பசித்தவன், தாகமுற்றவன், அந்நியன், ஆடையற்றவன், நோயாளி, சிறைப்பட்டவன் இவர்களே அங்கு பேசப்படுகிறார்கள். பள்ளியின் ஒழுங்குமுறையை நாங்கள் எதிர்க்கவில்லை. பின்னலை இறுக்கப் பின்னத்தான் போகிறோம். நன்னடத்தைப் பரிசுக்கும் கடைசித் தீர்வைக்கும் பாடத்திட்டம் வேறு என்பதை மட்டும் சொல்கிறோம்.

சரி, மோட்சம் யாருக்கு? கோவிலுக்கு வராத அந்த அயலாரைப் பற்றி மேற்கூறிய சங்க ஏடே வழி காட்டுகிறது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும், நேரிய மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டும் வழியில் அருளின் துணையால் நடக்க முயல்பவர்கள் மீட்படையலாம் என்கிறது. அங்கும் அருள்தான், கூலி அன்று. எங்கள் இந்து, முஸ்லிம் தோழியருக்கு நாங்கள் மகிழ்ச்சியோடு வாசித்துக் காட்டிய பகுதி இது.

மனைவியை அடிப்பவரைப் பற்றித் தீர்ப்பிட நாங்கள் யார்? திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லி ஒருவரைக்கூட அறிவித்ததில்லை. கொலை செய்த அலெக்சாந்தருக்குத் திறந்த கதவு அவருக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவருபவனுக்குச் சகோதரனோடு மனத்தாங்கல் உண்டென்றால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னவர் இயேசு. சகோதரனுக்குச் சொன்னது மனைவிக்கும் பொருந்தும். அவர் கை ஓங்குவதை விட்டு, வீட்டில் அந்தப் பெண்ணின் முன் நின்று மன்னிப்புக் கேட்கட்டும். பங்குத் தந்தையும் அதை அவரிடம் கேட்கட்டும். அவர் திருந்தும்வரை அந்தப் பெண் அடிபட்டுக்கொண்டே பொறுமையால் புண்ணியம் தேடவேண்டும் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அதை நாங்கள் ஏற்கவில்லை. அவளுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும். அதைச் செய்து கொடுப்பதும் மற்றவர்களின் நடத்தையில் சேரும்.

உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். அது பெரிய பொருள். எங்களுக்கு ஒதுக்கிய பக்கங்களும் முடிந்துவிட்டன. அடுத்த ஆண்டு மலருக்குப் பதினோராம் வகுப்பினர் எழுதட்டும். குறிப்புகள் கேட்டால் தருகிறோம்.